பதினோராம் உறுப்புரையும் என் பிரம்பும்

நான் சட்டம் படித்தவனல்லன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, கிழக்குக் கரையோரக் கிராமமொன்றில் வரலாறும் குடியுரிமைக் கல்வியும் கற்பித்துவரும் ஒரு வாத்தியார். அடிப்படை உரிமைகளைப் பற்றி எழுதத் தகுதி வாய்ந்த சட்டத்தரணிகள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களிடம் இல்லாத ஒரு தகுதி என்னிடம் இருக்கிறது. ஓர் உரிமையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதே பாடவேளையில், அதே கையால் அதை மீறியவன் நான்.

2009 ஜூலை மாதம். கச்சான் காற்று தகரக் கூரையைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு நாள். தரம் 10இல் நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம் அன்றைய பாடம். பத்து: சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம். பதினொன்று: சித்திரவதையிலிருந்தும் கொடூரமான, இழிவான தண்டனையிலிருந்தும் சுதந்திரம். பன்னிரண்டு: சமத்துவம். இப்படி வரிசையாக எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி வாங்கில் ஒரு பையன் மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன் ஏன் தூங்கினான் என்பது எனக்குத் தெரியாததல்ல. வாப்பா இல்லாத பிள்ளை. சுபஹுக்கு முன்பே கரைவலை இழுக்கப் போய்விட்டுப் பள்ளிக்கூடம் வருபவன். அன்று காலையிலும் அவனுடைய காற்சட்டை ஓரத்தில் மணல் ஒட்டியிருந்தது. ஆனால் நான் கரும்பலகைக்கு முதுகு காட்டி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ சிரித்திருந்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன். மேசையில் கிடந்த பிரம்பை எடுத்தேன். உள்ளங்கையில் இரண்டு அடி. அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். வலைக்கயிறு பிடித்துக் காய்த்துப்போன கை. எனது அடி அவனுக்கு அவ்வளவாக நொந்திருக்காது என்று அப்போது ஒரு கேவலமான ஆறுதலும் எனக்கு வந்தது.

பாடத்தைத் தொடர்ந்தேன். இரண்டாவது வரிசையில் ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"சேர், இந்தப் பதினொண்டு பெரியாக்களுக்கு மட்டுந்தானா, எங்களுக்கும் இரிக்கா?"

அவள் குரலில் கேலி இல்லை. என்னைக் குற்றம் சாட்டவும் இல்லை. எதையும் கொப்பியில் ஒழுங்காகக் குறித்துக்கொள்ள விரும்புகிற பிள்ளை. விளக்கம் தேவைப்பட்டது, கேட்டாள். நான் சொன்னேன்: "அது பொலிஸ், சிறைச்சாலை சம்பந்தப்பட்டது. பரீட்சைக்கு அவ்வளவுதான். எழுதிக்கொள் மகள்."

அவள் எழுதிக்கொண்டாள். மறு வாரம் கொப்பி திருத்தும்போது பார்த்தேன். பதினோராம் உறுப்புரைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொலிஸ், சிறைச்சாலை' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. சிவப்புப் பேனையால் அதன் மேல் சரி போட்டேன்.

இந்தக் கட்டுரை அந்தச் 'சரி'யைப் பற்றியது.

*

அன்றிரவு அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியை எடுத்து வாசித்தேன். ஐந்தாறு வருடம் கற்பித்தும் அதுவரை நான் பாடநூலுக்கு வெளியே போனதில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த அத்தியாயத்தில் இரண்டு சொற்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று 'ஆள்', மற்றது 'பிரசை'. பேச்சுச் சுதந்திரம், ஒன்று கூடும் சுதந்திரம், தொழில் செய்யும் சுதந்திரம் என்று பதினான்காம் உறுப்புரை சொல்வதெல்லாம் பிரசைக்கு. பதினோராம் உறுப்புரையோ ஆள் எவருக்கும் உரியது. பிரசையாக இருக்க வேண்டியதில்லை. வாக்குரிமை வயது வந்திருக்க வேண்டியதில்லை. நல்லவனாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. விழித்திருக்க வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை.

பதினைந்தாம் உறுப்புரை உரிமைகளுக்கு விதிக்கக்கூடிய மட்டுப்பாடுகளைச் சொல்வது. தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் என்று காரணங்கள் நீளும். சமத்துவத்தைக்கூட இந்தக் காரணங்களுக்காகச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம். ஆனால் பத்தும் பதினொன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த இரண்டையும் மாற்ற வேண்டுமானால் எண்பத்து மூன்றாம் உறுப்புரையின்படி பாராளுமன்றத்தின் மூன்றிலிரண்டு பெரும்பான்மை போதாது. நாட்டு மக்கள் சர்வசன வாக்கெடுப்பிலும் சம்மதிக்க வேண்டும். மனிதனின் நெஞ்சுக்குள் இருக்கும் நம்பிக்கைக்கும் அவனுடைய தோலுக்கும் ஒரே பூட்டைப் போட்டிருக்கிறார்கள்.

நாம் பத்தாம் உறுப்புரையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மேடைகளில் பேசுகிறோம், தேர்தல் காலத்தில் பேசுகிறோம். பக்கத்திலேயே இருக்கும் பதினொன்று நமது ஓதல் பள்ளிகளையும் வகுப்பறைகளையும் வீடுகளையும் பார்த்துக்கொண்டு நிற்பதை நாம் கவனிப்பதில்லை.

இன்னொன்றையும் அன்றிரவுதான் விளங்கிக்கொண்டேன். பதினேழாம், 126ஆம் உறுப்புரைகளின்படி, நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அரசாங்கப் பாடசாலை ஆசிரியன் யார்? அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கி, அரசாங்கத்தின் அதிகாரத்தோடு வகுப்பில் நிற்பவன். நான் 'பொலிஸ், சிறைச்சாலை' என்று சொன்னபோது அரசு எங்கோ தூரத்தில் காக்கிச் சட்டையோடு நிற்பதாக நினைத்தேன். அந்தப் பையனுக்கு அன்று காலை அரசு என்பது வெள்ளைச் சேர்ட்டும் பிரம்புமாக அவன் முன்னால் நின்ற நான்தான்.

பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடை செய்யும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது, இலக்கம் 2005/17. நாங்கள் எல்லோரும் கையொப்பம் வைத்தோம். பிறகு அது கோவைக்குள் போனது. பிரம்பு மேசையிலேயே இருந்தது.

*

உரிமைகள் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பாடநூலின்படி பதில் சுலபம். 1948 டிசம்பர் 10, ஐக்கிய நாடுகள் சபை, சர்வதேச மனித உரிமைகள் பிரகடனம். உண்மையில் நமது பதினோராம் உறுப்புரை அந்தப் பிரகடனத்தின் ஐந்தாம் உறுப்புரையை ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் பின்பற்றுகிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு அதைவிட வயது அதிகம். அதைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்த கதையை இப்போது ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிறேன்.

1678இல் இங்கிலாந்தில் டைட்டஸ் ஓட்ஸ் என்றொருவன் ஒரு புரளியைக் கிளப்பினான். கத்தோலிக்கர்கள் மன்னரைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்பது அந்தப் புரளி. கத்தோலிக்கர்கள் அங்கே சிறுபான்மையினர். நாடே நம்பியது. நம்புவதற்குக் காத்திருந்தவர்களுக்கு ஆதாரம் எதற்கு? அவனுடைய பொய்ச் சாட்சியத்தால் குற்றமற்றவர்கள் பலர் தூக்குமேடைக்குப் போனார்கள். பின்னர் பொய் வெளிப்பட்டது. 1685இல் அவனுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது: ஆயுள் சிறை, ஒவ்வொரு வருடமும் பொதுவிடத்தில் கட்டி நிறுத்தி அவமானப்படுத்தல், அத்தோடு லண்டன் வீதிகளில் இழுத்துச் சென்று கசையடி. ஒரு நாள் அடித்து, ஒரு நாள் விட்டு, மீண்டும் அடித்தார்கள். பார்த்தவர்கள் அவன் பிழைக்க மாட்டான் என்றார்கள். பிழைத்துக்கொண்டான்.

1689இல் மன்னராட்சி மாறி, ஆங்கிலேயப் பாராளுமன்றம் உரிமைகள் சட்டத்தை இயற்றியபோது, கொடூரமானதும் வழக்கத்துக்கு மாறானதுமான தண்டனைகள் கூடாது என்ற வாக்கியம் அதில் இடம்பெற்றது. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஓட்ஸின் முதுகும் இருந்தது என்பது வரலாறு. 1791இல் அது அமெரிக்க அரசியலமைப்பின் எட்டாவது திருத்தமாயிற்று. அங்கிருந்து 1948, அங்கிருந்து நமது 1978.

இந்தக் கதையைக் கேட்டவுடன் பிள்ளைகளுக்குக் கோபம் வரும். "இவனுக்கு அடிச்சது சரிதானே சேர்!" என்பார்கள். குறிப்பாக 2019க்குப் பிறகு இந்தக் கோபம் கூடியது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைச் செய்த சிலருக்காக, அதற்குப் பின் வந்த மாதங்களில் ஒரு சமூகம் முழுவதும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டதையும், வைத்தியர்மீதும் வியாபாரிகள்மீதும் புரளிகள் பரப்பப்பட்டதையும் வீட்டில் இருந்து பார்த்த பிள்ளைகள் அவர்கள். புரளி பரப்புகிறவனின் முதுகைக் காப்பாற்ற ஒரு சட்டமா?

ஆம், என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்லவனைக் காப்பாற்ற உரிமை என்று ஒன்று தேவையில்லை. நல்லவனிடம் இரக்கம் தானாகவே வரும். யார்மீது நமக்கு இரக்கம் வரவில்லையோ, அவன் முன்னால் நம் கையைப் பிடித்து நிறுத்துவதற்குப் பெயர்தான் உரிமை. வகுப்பில் தூங்கியவனுக்கும் அது உண்டு.

ஆனால் அந்தக் கதையின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லிக்கொடுக்கிறேன். 1689ஆம் ஆண்டின் அதே சட்டம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் புரொட்டஸ்தாந்துகளுக்கு மட்டும் கொடுத்தது; கத்தோலிக்கர் எவரும் அரியணை ஏற முடியாது என்றும் சொன்னது. அமெரிக்காவில் எட்டாவது திருத்தம் எழுதப்பட்ட பின்னும் முக்கால் நூற்றாண்டுக்கு அடிமைகளின் முதுகில் சவுக்கு இறங்கிக்கொண்டேயிருந்தது. 1865இல்தான் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. இலங்கையில் 1978இல் பதினோராம் உறுப்புரை வந்தது. நீதிமன்றம் கசையடித் தண்டனை விதிக்கும் சட்டம் 2005இல்தான் நீக்கப்பட்டது. இருபத்தேழு வருடம் வாக்கியமும் கசையும் ஒரே வீட்டில் குடியிருந்தன.

அரை மணித்தியாலம் அவை என் வகுப்பறையிலும் குடியிருந்தன.

*

இதைச் சொன்னால் சிலர், 'இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு' என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் வாலிபப் பருவத்தில், நபித்துவத்துக்கு முன்பே மக்காவில் நடந்த ஹில்புல் புழூல் உடன்படிக்கையை நாம் ஓதல் பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். யெமன் தேசத்து வியாபாரி ஒருவர் கொண்டுவந்த சரக்கை மக்காவின் பெரிய மனிதரொருவர் வாங்கிக்கொண்டு காசு கொடுக்க மறுத்தார். வியாபாரிக்கு அந்த ஊரில் கோத்திரமில்லை, கேட்க ஆளில்லை. அவர் மலையில் ஏறி நின்று முறையிட்டார். அதைக் கேட்டவர்கள் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடி, அநீதியிழைக்கப்பட்டவன் யாராக இருந்தாலும் அவன் பக்கம் நிற்போம் என்று உறுதி செய்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும் அப்படியொரு உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் தாம் போவதாக நபியவர்கள் சொன்னதாகச் சீறா நூல்கள் கூறுகின்றன.

நமது நாட்டிலேயே, 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றக் கூடாது என்று பிரதம நீதியரசர் தடுத்தபோது, மருதானைப் பள்ளிவாசல் வளவில் திரண்ட மக்கள் கூட்டம் எந்த அரசியலமைப்பையும் மேற்கோள் காட்டவில்லை. அப்போது இந்த நாட்டில் உரிமைகளைப் பட்டியலிட்ட யாப்பு எதுவும் இருக்கவில்லை. முதலில் ஒரு மனிதன் அவமதிக்கப்படுகிறான். பக்கத்தில் நின்றவர்கள் அது தங்களுக்கும் நேர்ந்ததாக உணர்கிறார்கள். எழுத்து பிறகுதான் வருகிறது. சில வேளைகளில் அது வராமலும் போகிறது. வந்தும் காப்பாற்றாமல் போகிறது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சம் காட்டும் சட்டம் கூடாது என்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியபோது அந்தப் பிரிவு அவர்களைக் காப்பாற்றவில்லை. 1972ஆம் ஆண்டு யாப்பு உரிமைகளைப் பட்டியலிட்டது. அவற்றுக்காக நேரே நீதிமன்றம் போகும் விசேட வழியை வைக்கவில்லை. அது 1978இல்தான் வந்தது.

*

எனது சக ஆசிரியர்களின் வாதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு வகுப்பில் வைத்து, வசதியில்லாத பாடசாலையொன்றில், பிரம்பில்லாமல் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். பெற்றோரே வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்தத எடுங்க சேர்" என்று பிள்ளையை ஒப்படைக்கும் ஊர் எங்களுடையது. பத்து வயதில் தொழாத பிள்ளையை அடிப்பது பற்றிய ஹதீஸையும் எடுத்துக் காட்டுவார்கள். நான் ஆலிமல்லன். ஆனாலும் மூன்று வருடம் வாயால் சொன்ன பிறகு, பெற்றோருக்கு, ஒரு கடமையின் விடயத்தில், காயமோ தழும்போ கூடாது என்று இமாம்கள் எல்லை போட்ட ஒன்றை, என் வகுப்பில் யாரோ சிரித்ததற்காக நான் எடுத்த பிரம்போடு எப்படி ஒப்பிடுவது? பத்து வருடம் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்களிடம் 'சீ' என்றுகூடச் சொல்லாத ஒருவரின் உம்மத்து நாம். அந்த ஹதீஸ் மட்டும் ஆசிரியர் ஓய்வறையில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மிகப் பலமான வாதம் இன்னொன்று. "நாங்களும் அடி வாங்கித்தானே மனிசரானோம்!" இதை நானும் சொல்லித் திரிந்தவன். என்னை ஆளாக்கிய ஓர் ஆசிரியர் என்னை நிறைய அடித்திருக்கிறார். அவர் மௌத்தானபோது ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தேன். இன்றும் அவருக்காக துஆக் கேட்கிறேன். ஆனால் என்னோடு எட்டாம் ஆண்டில் ஒரே வாங்கில் இருந்த ஒருவன் ஒரு நாள் எல்லோருக்கும் முன்னால் முழங்காலில் நிறுத்தி அடிக்கப்பட்டான். அடுத்த நாள் அவன் வரவில்லை. பிறகு வரவேயில்லை. கொஞ்சக் காலம் வண்டில் பின்னால் திரிந்தான், பிறகு கட்டாருக்குப் போனான். அடி வாங்கி மனிதரானவர்கள் ஆசிரியர் ஓய்வறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்கிறோம். அடி வாங்கி வெளியே போனவர்கள் அந்த அறைக்குள் இல்லை. அவர்களுடைய சாட்சியம் இல்லாமல்தான் நாம் தீர்ப்பு எழுதியிருக்கிறோம்.

*

2018இல் தரம் 11இல் ஒரு மாணவி பன்னிரண்டாம் உறுப்புரைப் பாடத்தின்போது கேட்டாள்: "எங்கட ராத்தாட காவின்ல மாப்பிள ஒப்பம் வெச்சார், வாப்பா ஒப்பம் வெச்சார். ராத்தா மட்டும் வெக்கல்ல. அது ஏன் சேர்?"

இந்த முறை 'பரீட்சைக்கு அவ்வளவுதான்' என்று நான் சொல்லவில்லை. அப்போது நடைமுறையிலிருந்த 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை என்றும், யாப்பு வருமுன் இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரண்பட்டாலும் செல்லும் என்று பதினாறாம் உறுப்புரை சொல்கிறது என்றும், 2009இல் இதை ஆராய நியமிக்கப்பட்ட குழு அந்த வருடம்தான் அறிக்கை கொடுத்தது என்றும், அதிலும் இரண்டு கருத்துகள் இருந்தன என்றும் உள்ளபடி சொன்னேன். ஊரில் சிலர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் விட்டார்கள். ஒரு பிள்ளையின் கேள்விக்குப் பொய்ப் பதில் கொடுத்து அதன்மேல் சரி போட்டவனுக்கு இந்த நட்டம் பெரிதாகத் தெரியவில்லை.

பிறகு 2020 வந்தது. கொவிட் தொற்றில் இறந்தவர்களின் ஜனாஸாக்களை எரிக்க வேண்டுமென்று ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. பிறந்து இருபது நாளேயான குழந்தைகூட எரிக்கப்பட்டது. அதற்கெதிரான அடிப்படை உரிமை மனுக்களை டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. 2021 பெப்ரவரி இறுதியில் அனுமதி வந்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கும்வரை அந்தத் துயரம் நீடித்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

பாடசாலை மீண்டும் திறந்தபோது ஒரு மாணவன் பாடநூலை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்: "பத்தாம் உறுப்புரை இரிக்கி எண்டு சொன்னீங்களே சேர், எங்க போன?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இருப்பதாக நடிக்கவும் இல்லை. ஒன்று மட்டும் சொன்னேன். அந்த மாதங்களில் கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் முஸ்லிமல்லாதவர்களும் இருந்தார்கள். யாப்பு கைவிட்ட இடத்தில் ஹில்புல் புழூல் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

ஆனால் அந்தக் கேள்வி என்னை வேறு திசையில் கொண்டுபோனது. மேலே பார்த்து, "எங்கள் உரிமை எங்கே?" என்று நாம் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். கீழே இருந்து ஒரு பிள்ளை அதே கேள்வியைக் கேட்டால், "அது உனக்கில்லை" என்கிறோம். பெரும்பான்மை நமக்குச் சொல்லும்போது நமக்கு வலிக்கிற அதே பதிலை நம்மிலும் பலவீனமானவர்களுக்கு நாம் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உரிமை என்பது மேலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைக்கும் பொருளென்றால் இதில் முரண்பாடில்லை. அது மனிதனுக்கு மனிதன் கட்டுப்பட்ட கடன் என்றால், வரவேண்டியதை மட்டும் எழுதி, கொடுக்க வேண்டியதை எழுதாத கணக்குப் புத்தகம் நம்முடையது. நீதிமன்றம் நமது மனுவைத் தள்ளுபடி செய்தது அநீதிதான். அந்த அநீதி, அந்த மாணவியின் கேள்வியை நான் தள்ளுபடி செய்ததை நியாயமாக்கிவிடாது.

*

2021 பெப்ரவரி 12இல், ஆசிரியரொருவர் காதில் அறைந்ததால் கேட்கும் சக்தி பாதிக்கப்பட்ட தென்பகுதி மாணவர் ஒருவரின் வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய அந்தத் தீர்ப்பு, பதினோராம் உறுப்புரை மீறப்பட்டதாக ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் வகுப்பில் எழுந்த கேள்விக்கு நாட்டின் உச்ச நீதிபீடம் பதில் சொல்லிவிட்டது: ஆம், பிள்ளைகளுக்கும் இருக்கிறது.

அந்தப் பையனைத் தேடிப் போய் மாப்புக் கேட்க வேண்டுமென்று நினைத்தேன். நினைத்து நினைத்து வருடங்கள் போயின. போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் அவனே என்னைக் கண்டு ஸலாம் சொன்னான். இப்போது சொந்தமாகத் தோணி வைத்திருக்கிறான். கையில் ஐந்து வயது மகன்.

நான் அந்த நாளைச் சொல்லி, "என்னை மன்னிச்சுக்கோ மகன்" என்றேன். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரித்தான்.

"என்ன சேர் இது! நீங்க அடிச்சது எங்கட நன்மைக்குத்தானே. அந்த அடி இல்லாட்டி நாங்க இந்த அளவுக்கு வந்திரிப்பமா?" என்றான். பிறகு மகனின் தலையைத் தடவி, "இவனயும் நான் உடுறல்ல சேர். வீட்ட ஒரு பிரம்பு வெச்சிரிக்கன்" என்றான்.

அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது.

அவன் என்னை மன்னிக்காமல் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அன்று கரும்பலகையில் நான் எழுதிய பத்து, பதினொன்று, பன்னிரண்டு எதுவும் அவனிடம் இல்லை. அவன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான். அவன் விழித்திருந்து கற்ற பாடம் ஒன்றுதான். அதை நான் மிக நன்றாகக் கற்பித்திருக்கிறேன். பதினைந்து வருடம் கழித்தும் மறக்கவில்லை. அடுத்த தலைமுறைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதப் பழக்கினார்கள். நோக்கம், செயற்பாடு, மதிப்பீடு என்று நிரல்கள் இருக்கும். நாம் எழுதாத ஒரு நிரலும் உண்டு என்று இப்போது தோன்றுகிறது. கற்பிக்கிறோம் என்று தெரியாமலே கற்பிப்பவை அதில் இருக்கின்றன. யாப்பின் மூன்றாம் அத்தியாயம் பிள்ளைகளின் கொப்பியில் ஏறுகிறதா என்பதை அந்த நிரல்தான் தீர்மானிக்கிறது.

இப்போது என் மேசையில் பிரம்பு இல்லை. வகுப்பு முன்னரைவிட இரைச்சல்தான். சில நாள் பாடம் முடியாமலே மணி அடித்துவிடுகிறது; அதிபர் ஏசுகிறார். தூங்குகிற பிள்ளையை எழுப்பி முகம் கழுவ அனுப்புவேன், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். இது பெரிய சாதனையல்ல. பள்ளிவாசல் வாசலில் என்னை நிமிர்ந்து பார்த்த அந்தச் சின்னவனுக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அவனுடைய வாப்பாவிடம் போய் மறுபடியும் பேச வேண்டும். மன்னிப்புக் கேட்க அல்ல. பதினோராம் உறுப்புரையை அவனுக்கு முதன்முறையாகப் படிப்பிக்க.

கேள்வி கேட்ட அந்த மாணவி கலியாணம் முடித்து வேறு மாகாணத்துக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. அவளுடைய கொப்பி கடலைச் சுருளாகப் போயிருக்கலாம், அல்லது உம்மாவின் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கலாம். இருந்தால், பதினோராம் உறுப்புரைக்குப் பக்கத்தில் நான் சிவப்புப் பேனையால் போட்டது பிழை, மகள். அதைத் திருத்தத்தான் இவ்வளவும் எழுதினேன்.